சொந்த விமானத்தில் நெடும்பயணம்: அமெரிக்கச் சிறு விமானங்களின் வரலாறு

போர் மிச்சமும் வயல்வெளியும்

அமெரிக்காவில் தனி மனிதர்கள் சொந்தமாக விமானம் வாங்கி ஊர்விட்டு ஊர் பறக்கும் வழக்கம் முதல் உலகப் போர் முடிந்த கையோடு தொடங்கியது. போர்க்கால விமானிகளின் பயிற்சிக்காக கர்டிஸ் ஜேஎன்-4 விமானங்கள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டிருந்தன. ‘ஜென்னி’ என்று எல்லோரும் அழைத்த அந்த ஈரடுக்கு இறக்கை விமானங்கள் சமாதானம் வந்ததும் ராணுவத்துக்கு வேண்டாதவை ஆயின. மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. மரச்சட்டம், இழுத்துக் கட்டிய கம்பிகள், மேலே போர்த்திய துணி, மூக்கில் 90 குதிரைத்திறன் எஞ்சின். ஜென்னி என்பது இவ்வளவுதான்.

1923இல் சார்ல்ஸ் லிண்ட்பர்க் ஜார்ஜியா மாநிலத்தின் சவுதர் ஃபீல்டுக்குப் போய் 500 டாலருக்கு ஒரு ஜென்னி வாங்கினார். அதுவரை அவர் தனியாக விமானம் ஓட்டியதில்லை. அங்கேயே ஓட்டிப் பழகி, அந்த விமானத்திலேயே ஊர் ஊராக இறங்கி ஏறி வடக்கே மினசோட்டா வரை சென்றார். அவரைப் போன்ற பலர் அக்காலத்தில் மேய்ச்சல் நிலங்களில் இறங்கி, கிராமத்தாரைக் காசுக்கு ஏற்றிப் பறந்து பிழைத்தார்கள். உரிமையாளரும் விமானியும் மெக்கானிக்கும் ஒரே ஆள். கிழிந்த துணியை அவரே தைத்தார். பெட்ரோலை மென்தோலில் வடிகட்டி ஊற்றினார். இரவில் விமானத்தை வேலிக் கம்பத்தில் கட்டிவிட்டு அதன் இறக்கைக்கு அடியில் படுத்தார்.

விமானம் ஓட்ட உரிமம் தேவையில்லை, விமானத்தைச் சோதிக்க ஆளும் இல்லை என்ற நிலையில் விபத்துகள் மலிந்தன. 1926 மே மாதம் நிறைவேறிய வான்வழி வணிகச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. விமானிகளுக்கு உரிமம், விமானங்களுக்குப் பதிவெண், பறக்கத் தகுதியானது என்ற சான்று ஆகியவை கட்டாயமாயின. முதல் உரிமத்தை ஓர்வில் ரைட்டுக்கே தர அதிகாரிகள் விரும்பினார்கள். தாம் இப்போது பறப்பதில்லை என்று அவர் மறுத்துவிட, 1927 ஏப்ரலில் அது வணிகத் துறையின் விமானப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வில்லியம் மெக்ராக்கனுக்குப் போனது. அதே ஆண்டில் மெக்கானிக்குகளுக்கும் உரிமம் தரும் முறை வந்தது. ஓட்டுபவரின் திறமை மட்டும் போதாது, பழுது பார்ப்பவரின் திறமையும் சோதிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை அப்போது நிலைபெற்றது. பின்னால் வந்த எல்லா விதிகளுக்கும் அதுவே அடித்தளம்.

வானத்தில் வழி அமைத்தவர்கள்

தொடக்ககால விமானிகளிடம் விமானப் பயணத்துக்கென்று வரைந்த படங்கள் கிடையாது. சாலை வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயில் தண்டவாளத்தைத் தொடர்ந்து போவதே வழக்கம். தாழப் பறந்து ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படித்து ஊரைத் தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

முறையான வழி தபால் துறையால் வந்தது. 1920இல் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே வான்தபால் தொடங்கியது. இரவிலும் தபால் போக வேண்டும் என்பதற்காக 1923 முதல் வழிநெடுகச் சுழல்விளக்குக் கோபுரங்கள் நடப்பட்டன. சுமார் பத்து மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த இக்கோபுரங்கள் பலவற்றின் அடியில், அடுத்த கோபுரம் இருக்கும் திசையைக் காட்டும் பெரிய கான்கிரீட் அம்புகள் தரையில் பதிக்கப்பட்டன. தபாலுக்காகப் போட்ட இந்த வழி, சொந்த விமானம் வைத்திருந்தவர்களுக்கும் பயன்பட்டது. மேற்கு மாநிலங்களின் பாலைவெளிகளில் அந்த அம்புகளில் சில இன்றும் கிடக்கின்றன.

விளக்குகளை மேகமும் பனிமூட்டமும் மறைத்துவிடும். அதனால் 1920களின் இறுதியில் வானொலி வழிகாட்டி நிலையங்கள் வந்தன. ஒவ்வொரு நிலையமும் மோர்ஸ் முறையில் இரண்டு எழுத்துகளை ஒலிபரப்பும். விமானி வழியிலிருந்து ஒரு பக்கம் விலகினால் காதில் ஓர் எழுத்தும், மறுபக்கம் விலகினால் மற்றோர் எழுத்தும் ஓங்கிக் கேட்கும். சரியான வழியில் போகும்போது இரண்டும் கலந்து ஒரே சீரான ரீங்காரமாகிவிடும். இடியும் மின்னலும் காதை அடைக்கும் வேளையில் அந்த ரீங்காரத்தைப் பிரித்தறிவது கடினமான வேலை. ஆனாலும் கண்ணால் தரையைப் பார்க்காமல் நெடுவழி செல்ல முடியும் என்பதை அந்த நிலையங்கள்தான் முதலில் காட்டின.

எல்ரே ஜெப்பசன் என்ற தபால் விமானி தம் வழியிலிருந்த மலைகளின் உயரம், இறங்குதளங்களின் நீளம், மின்கம்பிகள் ஓடும் இடம், அவசரத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் வானிலை சொல்லக்கூடிய விவசாயிகளின் எண்கள் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தார். சக விமானிகள் பிரதி கேட்கவே, 1934இல் அதை அச்சிட்டு 10 டாலருக்கு விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் விமானிகள் பயன்படுத்தும் ஜெப்பசன் வரைபடங்களின் தொடக்கம் அதுதான். 1930களில் அரசும் 5,00,000க்கு 1 என்ற அளவில் நாடு முழுவதற்கும் வான்வழி வரைபடங்களை வெளியிட்டது. தரையைக் கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கு அந்த அளவுகோலே இன்றும் நடைமுறை.

இதே ஆண்டுகளில், ஊர்ப் பெயரைக் கொட்டகைக் கூரைகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கும் திட்டம் ஒன்றை ஃபீபி ஓம்லி என்ற பெண் விமானி அரசின் வழியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பிளான்ச் நோயஸ் உள்ளிட்ட பெண் விமானிகள் மாநிலம் மாநிலமாகச் சென்று அதைச் செயல்படுத்தினார்கள். வழி தவறிய விமானி கீழே பார்த்தாலே ஊர்ப் பெயரும் விமானத்தளம் இருக்கும் திசையும் தெரிந்தன. 1929இல் ‘தொண்ணூற்று ஒன்பதர்’ என்ற பெண் விமானிகள் சங்கம் 99 பேருடன் தொடங்கியது. அமீலியா எர்ஹார்ட் அதன் முதல் தலைவர்.

மஞ்சள் நிறக் கப்

சொந்த விமானம் நடுத்தர வருமானக்காரரின் கைக்கு எட்டியது பைப்பர் கப் விமானத்தால். பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபர்டில் சி.ஜி. டெய்லர் என்ற வடிவமைப்பாளர் 1930இல் ஒரு சிறிய விமானத்தை உருவாக்கினார். அவருடைய நிறுவனம் பொருளாதாரப் பெருமந்தத்தில் நொடித்தபோது, எண்ணெய்க் கிணறு வியாபாரியான வில்லியம் பைப்பர் அதை வாங்கினார். எளிமையான விமானத்தைக் குறைந்த விலைக்கு, தவணை முறையில் விற்றால் ஆயிரக்கணக்கானவர்கள் வாங்குவார்கள் என்று அவர் நம்பினார். 1937இல் பிராட்ஃபர்ட் தொழிற்சாலை எரிந்துபோனது. நிறுவனம் லாக் ஹேவன் என்ற ஊருக்கு இடம் மாறி, பழைய பட்டு ஆலை ஒன்றில் உற்பத்தியைத் தொடர்ந்தது.

அங்கிருந்து வந்த ஜே-3 கப், மஞ்சள் வண்ணமும் பக்கவாட்டில் கறுப்பு மின்னல் கோடும் கொண்டது. இரும்புக் குழாய்ச் சட்டகத்தின் மேல் பருத்தித் துணி போர்த்தியது. இருவர் ஒருவர் பின் ஒருவராக அமரலாம். தனியாகப் பறப்பவர் எடைச் சமநிலைக்காகப் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். எரிபொருளின் அளவைக் காட்ட மின்கருவி எதுவும் இல்லை. தொட்டிக்குள் மிதக்கும் கார்க்கில் செருகிய ஒரு கம்பி மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பி கீழே இறங்கும். 12 கேலன் தொட்டி, 65 குதிரைத்திறன் எஞ்சின், மணிக்கு 120 கி.மீ. அளவிலான வேகம். எதிர்க்காற்று பலமாக அடிக்கும் நாளில் கீழே நெடுஞ்சாலையில் போகும் கார்கள் கப்பை முந்தும். ஆனாலும் அது குட்டையான புல்தரையில் ஏறி இறங்கும். பழுது பார்ப்பதும் எளிது. தவறு செய்தாலும் பெரும்பாலும் மன்னிக்கும். 1947 வரை ஏறத்தாழ 20,000 கப் விமானங்கள் கட்டப்பட்டன.

இதற்கு அரசின் கையும் உதவியது. 1939இல் சட்டமான குடிமக்கள் விமானப் பயிற்சித் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு அரசுச் செலவில் பறக்கக் கற்பித்தது. 1944 வரை 4,35,000க்கும் அதிகமானோர் அதில் பயின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாக ஏறியது கப்பில்தான். அதே 1939இல் விமான உரிமையாளர்களும் விமானிகளும் சேர்ந்து தங்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். போர் வந்தபோது தனியார் விமானங்கள் தரையிறக்கப்படும் என்ற அச்சம் எழுந்தது. 1941 டிசம்பர் 1இல் உருவான குடிமக்கள் வான்ரோந்துப் படை அதற்கு விடையாக அமைந்தது. அதன் உறுப்பினர்கள் தங்கள் சொந்த விமானங்களிலேயே அட்லான்டிக் கரையோரம் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்தார்கள். சிலர் கடலில் உயிரையும் விட்டார்கள்.

குடும்ப விமானக் கனவு

போர் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் இருப்பதுபோல் விமானமும் வந்துவிடும் என்று தொழிலதிபர்கள் எதிர்பார்த்தார்கள். நாடு திரும்பிய வீரர்களுக்கு அரசு உதவியுடன் விமானப் பயிற்சி கிடைத்தது. சுக்கான் மிதிகட்டைகள் இல்லாமல் கார்போல் சக்கரத்தைத் திருப்பி ஓட்டும் எர்கூப் விமானம் மேசிஸ் பல்பொருள் அங்காடியிலேயே விற்பனைக்கு வந்தது. 1946இல் சுமார் 35,000 குடிமை விமானங்கள் தயாராயின. 1948இல் அந்த எண்ணிக்கை சுமார் 7,300 ஆகச் சரிந்தது.

சரிவுக்குக் காரணங்கள் தெளிவானவை. இரண்டு இருக்கை விமானத்தில் குடும்பம் போக முடியாது. மேகம் தாழ்ந்தால் பயணம் நின்றுவிடும். இறங்கும் தளத்திலிருந்து ஊருக்குள் போக இன்னொரு வாகனம் தேவை. பழகிய கை மூன்று மாதம் ஓட்டாமல் இருந்தால் தடுமாறும். விமானம் கார் அல்ல, அதற்கு நேரமும் உழைப்பும் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்பதை மக்கள் ஓரிரண்டு ஆண்டுகளில் உணர்ந்தார்கள். ரிபப்ளிக் சீபீ போன்ற தயாரிப்புகள் வந்த வேகத்தில் மறைந்தன.

பயணத்துக்கு உண்மையிலேயே பயன்பட்ட விமானங்கள் மட்டும் நிலைத்தன. 1945 டிசம்பரில் முதன்முதலில் பறந்த பீச்கிராஃப்ட் பொனான்சா முழுவதும் உலோகத்தால் ஆனது. நான்கு இருக்கைகள், உள்ளே மடங்கும் சக்கரங்கள், வி வடிவ வால், மணிக்கு 270 கி.மீ.யை ஒட்டிய வேகம் என்று போருக்கு முந்தைய விமானங்களை விட்டு வெகுதூரம் முன்னே வந்திருந்தது. 1949 மார்ச்சில் பில் ஓடம் கூடுதல் எரிபொருள் தொட்டிகளுடன் ஹொனலூலுவிலிருந்து நியூ ஜெர்சி வரை ஒரு பொனான்சாவில் எங்கும் இறங்காமல் 36 மணி நேரம் தனியாகப் பறந்து வந்தார். ஒற்றை எஞ்சின் மீதான நம்பிக்கையை அந்தப் பயணம் உயர்த்தியது.

1956இல் சந்தைக்கு வந்த செஸ்னா 172 அதைவிட மெதுவானது, எளிமையானது, விலை குறைந்தது. அதன் சிறப்பு மூக்குச் சக்கரம். பழைய விமானங்களில் மூன்றாவது சக்கரம் வாலில் இருந்ததால் தரையில் ஓடும்போது அவை சுழன்று திரும்பிவிடும். மூக்குச் சக்கரம் அந்த ஆபத்தைப் பெருமளவு போக்கியது. மேலே அமைந்த இறக்கைகளால் கீழே தரை மறைக்காமல் தெரிந்தது. 44,000க்கும் மேல் தயாரான இந்த விமானமே உலகில் மிக அதிகமாகக் கட்டப்பட்டது. 1958 டிசம்பர் 4 முதல் 1959 பிப்ரவரி 7 வரை ராபர்ட் டிம், ஜான் குக் இருவரும் லாஸ் வேகஸ் அருகே ஒரு 172இல் 64 நாள் 22 மணி நேரம் தரையைத் தொடாமல் பறந்தார்கள். நெடுஞ்சாலையில் ஓடும் லாரியிலிருந்து குழாய் மூலம் எரிபொருள் ஏற்றினார்கள். மனிதர் ஓட்டிய விமானங்களில் அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

வழிகாட்டலும் மாறியது. 1950 முதல் விஓஆர் என்ற புதிய வகை வானொலி வழிகாட்டி நிலையங்களை இணைக்கும் வான்பாதைகள் திறக்கப்பட்டன. காதால் கேட்டு ஊகிக்க வேண்டிய வேலை போய், கருவியின் முள் வழியைக் காட்டியது. 1956இல் கிராண்ட் கேன்யனுக்கு மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தபின், 1958இல் வான்வெளி முழுவதையும் மேற்பார்க்கும் ஒரே கூட்டாட்சி அமைப்பு உருவானது. அதன் தொடர்ச்சியே இன்றைய எஃப்ஏஏ.

வரைபடம், வானிலை, எரிபொருள்

இவ்வளவு வசதி வந்த பிறகும் நெடுவழிப் பறத்தலின் அடிப்படை வேலைகள் மாறவில்லை. புறப்படும் முன் விமானி வரைபடத்தில் கோடு இழுப்பார். மேலடுக்குக் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கில் சேர்த்து எந்தத் திசையில் மூக்கை வைக்க வேண்டும் என்று குறிப்பார். வழியில் காணவேண்டிய ஆறு, பாலம், ரயில் சந்திப்பு ஆகியவற்றுக்கு எதிரே எதிர்பார்க்கும் நேரத்தை எழுதுவார். பகலில் சேருமிடம் போய்ச் சேர்ந்தபின்னும் குறைந்தது 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறக்கும் அளவு எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பது விதி. தனியார் விமானி உரிமம் பெறுவதற்கே 150 கடல்மைல் தூரத்தைத் தனியாகப் பறந்து, மூன்று இடங்களில் இறங்கிக் காட்ட வேண்டும்.

மிகப் பெரிய ஆபத்து வானிலை. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பயிலாதவர் மேகத்துக்குள் புகுந்தால், உடலின் சமநிலை உணர்வு அவரை ஏமாற்றும். விமானம் சாய்ந்து சுழல்வதை நேராகப் போவதாகவே உணர்வார். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் அத்தகைய இருபது பேரைச் சோதித்தபோது, கட்டுப்பாட்டை இழக்க அவர்களுக்குச் சராசரியாக 178 நொடிகளே ஆயின. 1959 பிப்ரவரி 3 அன்று பாடகர் பட்டி ஹாலி உள்ளிட்ட நால்வர் அயோவாவில் இறந்த பொனான்சா விபத்திலும், கருவிப் பறத்தலுக்குத் தகுதி பெறாத விமானி இரவில் மோசமான வானிலைக்குள் சென்றிருந்தார். சந்தேகம் வந்தால் திரும்பிவிடு என்ற பாடம் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இதனால்தான்.

உயரமும் வெப்பமும் இன்னொரு சோதனை. கோடையில் ராக்கி மலைத்தொடரின் உயரமான தளங்களில் காற்று அடர்த்தி குறைந்து எஞ்சினும் இறக்கையும் வலு இழக்கும். கடலோரத்தில் எளிதாக எழும்பும் விமானம் அங்கே ஓடுபாதை முடியும்வரை தரையைவிட்டு எழாது. மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் புறப்படுவதும், சுமையைக் குறைப்பதும், கணவாய்களின் வழியே கடப்பதும் இதனால் வந்த பழக்கங்கள்.

சொந்த விமானத்தில் நடந்த நெடும்பயணங்களில் இரண்டு தனித்து நிற்கின்றன. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த குடும்பத்தலைவி ஜெரி மாக், 11 வயதான ஒரு செஸ்னா 180இல் இருக்கைகளை எடுத்துவிட்டுப் பெட்ரோல் தொட்டிகளை வைத்து, 1964 மார்ச் 19 அன்று கிளம்பினார். 29 நாளில் உலகைச் சுற்றி ஏப்ரல் 17 அன்று ஊர் திரும்பினார். தனியாக விமானத்தில் உலகைச் சுற்றிய முதல் பெண் அவர்தான். வழியில் கெய்ரோ என்று நினைத்து எகிப்திய ராணுவத் தளத்தில் இறங்கிவிட்ட சம்பவமும் நடந்தது. அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நியூ ஜெர்சியின் கெர்ன் பக், ரிங்கர் பக் என்ற சகோதரர்கள் பழைய பைப்பர் கப் ஒன்றை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கள் வீட்டுத் தொழுவத்தில் வைத்துப் புதுப்பித்தார்கள். மூத்தவருக்கு 17 வயது, இளையவருக்கு 15. 1966 கோடை விடுமுறையில் வானொலிக் கருவி இல்லாத அந்த விமானத்திலேயே கலிஃபோர்னியா வரை பறந்தார்கள். இளையவர் பின்னாளில் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். வாங்குவது, பழுது பார்ப்பது, பறப்பது என்ற மூன்றும் ஒரே கையில் அடங்கியிருந்ததால்தான் அந்தப் பயணம் நடந்தது. தாங்களே பிரித்துப் பூட்டிய இயந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பராமரிப்பு என்னும் பாதி வேலை

சொந்த விமானம் வைத்திருப்பவரின் ஆண்டு ஒரு பெரிய சோதனையைச் சுற்றியே நகர்கிறது. ஒவ்வொரு விமானமும் 12 மாதத்துக்கு ஒரு முறை முழுச் சோதனைக்கு உட்பட வேண்டும். சோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக் கையெழுத்திட்டால்தான் அது சட்டப்படி மீண்டும் பறக்கலாம். வாடகைக்கும் பயிற்சிக்கும் விடும் விமானங்களுக்கு 100 மணிக்கு ஒரு முறையும் சோதனை உண்டு.

அந்த நாட்களில் விமானம் ஹேங்கரில் பாதி தோலுரிந்து நிற்கும். எஞ்சின் மூடிகள், தரைப்பலகைகள், இறக்கையின் அடியிலுள்ள சிறு தகடுகள் அனைத்தும் கழற்றப்படும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். அதிகம் கசிந்தால் வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கிறது. எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பிரித்து அதில் உலோகத் துகள் இருக்கிறதா என்று தேடுவார்கள். சுக்கானை இயக்கும் கம்பிவடங்களில் இழை அறுந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். விமான எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் தர மொத்தத்துக்கு இரண்டு மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டுவரும். அந்த இரண்டும் வேலை செய்கின்றனவா என்று விமானி ஒவ்வொரு முறை எழும்பும் முன்னும் சோதிக்கிறார்.

எல்லா வேலைக்கும் மெக்கானிக்கை அழைக்க வேண்டியதில்லை. எண்ணெய் மாற்றுதல், டயர் மாற்றுதல், ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்தல், பேட்டரி மாற்றுதல் போன்ற ஒரு பட்டியலை விதி வகுத்திருக்கிறது. விமானி உரிமம் உள்ள உரிமையாளரே அவற்றைச் செய்து பதிவேட்டில் கையெழுத்திடலாம். பலர் ஆண்டுச் சோதனையின்போதும் மெக்கானிக்குடன் நின்று மூடிகளைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். செலவு குறைவது ஒரு பயன். தம் விமானத்தின் உள்ளுறுப்புகளைக் கண்ணால் பார்த்துவிடுவது அதைவிடப் பெரிய பயன்.

துணி போர்த்திய காலத்தில் உறையே பெரிய கவலையாக இருந்தது. டோப் என்ற பூச்சு பூசிய பருத்தித் துணி வெயிலிலும் மழையிலும் நைந்துபோகும். ஒரு கருவியால் அழுத்தி அதன் வலிமையைச் சோதித்து, தேறாவிட்டால் விமானம் முழுவதையும் புதிதாகப் போர்த்த வேண்டும். பின்னர் பாலியெஸ்டர் துணியும் அலுமினியத் தகடும் அந்தக் கவலையைக் குறைத்தன. துருவும் உலோகச் சோர்வும் அதன் இடத்துக்கு வந்தன. ஒரு வகை விமானத்தில் பொதுக் குறை தெரிந்தால் எஃப்ஏஏ கட்டாய உத்தரவு பிறப்பிக்கும். செஸ்னா விமானங்களில் விமானியின் இருக்கை தண்டவாளத்திலிருந்து நழுவிப் பின்னே ஓடிவிடும் குறைக்காக 1987இல் வந்த உத்தரவு அப்படிப்பட்டது. எழும்பும் நேரத்தில் இருக்கை நழுவினால் விமானி தன்னையறியாமல் கைப்பிடியை இழுத்துவிடுவார். பொனான்சாவின் வி வடிவ வாலை வலுப்படுத்தச் சொன்ன உத்தரவும் அதே காலத்தில்தான் வந்தது.

எஞ்சினுக்கும் ஆயுட்கணக்கு உண்டு. 172இல் பல ஆண்டுகள் பொருத்தப்பட்ட லைகாமிங் ஓ-320 எஞ்சினை 2,000 மணி நேரத்துக்குப் பின் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும்படி தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். அடிக்கடி ஓடும் எஞ்சின் அந்த எல்லையை எட்டும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் எஞ்சின் உள்ளே துருப்பிடித்து அதற்கு முன்பே கெடும். பழைய விமானம் வாங்குகிறவர் வெளிப்பூச்சைவிட முதலில் பதிவேட்டைக் கேட்பதன் காரணம் இதுதான். எப்போது பறந்தது, எது மாற்றப்பட்டது, யார் கையெழுத்திட்டது என்ற முழு வரலாறும் அதில் இருக்கிறது. அது தொலைந்த விமானத்தின் விலை விழுந்துவிடும்.

வீழ்ச்சியும் மீட்சியும்

1978இல் அமெரிக்க நிறுவனங்கள் 17,811 சிறு விமானங்களை விற்றன. அதற்குப் பிறகு சந்தை சரிந்தது. எரிபொருள் விலையும் வட்டியும் ஏறின. விபத்து வழக்குகள் பெருகின. முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய விமானம் விழுந்தாலும் தயாரிப்பாளர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்ததால், ஒவ்வொரு புதிய விமானத்தின் விலையிலும் காப்பீட்டுச் செலவு பெரும் பங்கானது. 1986இல் செஸ்னா தன் ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் உற்பத்தியையே நிறுத்தியது. 1991இல் பைப்பர் திவால் மனு கொடுத்தது. 1994இல் எல்லா வகைச் சிறு விமானங்களின் விற்பனையும் சேர்ந்தே ஆயிரத்தைத் தொடவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், 18 ஆண்டுக்கு மேற்பட்ட விமானங்களுக்கான தயாரிப்பாளரின் வழக்குப் பொறுப்பை வரையறுத்தது. செஸ்னா கான்சஸ் மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரில் புதிய ஆலை கட்டி 172ஐ மீண்டும் தயாரித்தது.

தொழிற்சாலைகள் மூடிக்கிடந்த ஆண்டுகளில் பறத்தலைக் காப்பாற்றியவர்கள் இரு வகையினர். பழைய விமானங்களை விடாமல் பேணியவர்கள் ஒரு வகை. வீட்டிலேயே விமானம் கட்டியவர்கள் மற்றொரு வகை. 1953 ஜனவரியில் பால் போபரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கம் அவர்களை ஒன்றுசேர்த்தது. விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும் தானே கட்டியவருக்கு அதைச் சோதித்துப் பராமரிக்கும் சான்றும் கிடைக்கும். 1970 முதல் விஸ்கான்சினின் ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் கூடும் அச்சங்கத்தின் மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் தங்கள் விமானங்களிலேயே வந்து, இறக்கையின் அடியில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

இன்றைய நிலை

1990களில் ஜிபிஎஸ் வந்து நெடுவழிப் பறத்தலின் முகத்தை மாற்றியது. 2000 மே மாதம் குடிமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியக் குறைப்பு நீக்கப்பட்டது; இப்போது கையடக்கத் திரையிலேயே வரைபடமும் மழைமேகமும் மற்ற விமானங்களும் தெரிகின்றன. 1998இல் சான்று பெற்ற சிரஸ் எஸ்ஆர்20, விமானத்தையே சுமந்து இறக்கும் பாராசூட்டுடன் வந்தது. 2020 முதல் பரபரப்பான வான்வெளியில் பறக்கும் ஒவ்வொரு விமானமும் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்ப வேண்டும்.

இரண்டு சிக்கல்கள் எஞ்சியிருக்கின்றன. முதலாவது எரிபொருள். பெரும்பாலான பிஸ்டன் விமானங்கள் இன்னும் ஈயம் கலந்த பெட்ரோலையே எரிக்கின்றன. 2023 அக்டோபரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அது மக்கள் நலத்துக்குக் கேடு என்று முறைப்படி அறிவித்தது. ஈயமற்ற எரிபொருளுக்கு முழுவதும் மாறும் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. விமானத்தளத்தின் அருகில் வாழும் குழந்தைகளின் உடல்நலம் கருதி அந்த மாற்றம் இதற்குமேல் தள்ளிப்போகக் கூடாது.

இரண்டாவது நிலம். 2003 மார்ச் இறுதியில் ஓர் இரவு சிகாகோ மாநகராட்சி மெய்க்ஸ் ஃபீல்டின் ஓடுபாதையைப் புல்டோசர்களால் தோண்டிப்போட்டது. அங்கே நின்றிருந்த விமானங்கள் சிக்கிக்கொண்டன. நகரங்கள் வளர வளரச் சிறு தளங்களின் மீது இந்த நெருக்கடி பெருகுகிறது. ஆனால் 1946இல் தொடங்கிய கூட்டாட்சி நிதியுதவி பெற்ற தளத்தை உள்ளாட்சி விருப்பம்போல் மூட முடியாது. நாடெங்கும் பொதுப் பயன்பாட்டில் சுமார் 5,000 தளங்கள் இன்றும் திறந்திருப்பதற்கு அந்த நிபந்தனை ஒரு முக்கியக் காரணம்.

நூறு ஆண்டு வரலாறு காட்டும் உண்மை ஒன்றே. தனி மனிதரின் பறத்தல் தனி மனிதரால் மட்டும் நிலைக்கவில்லை. தபால் துறை போட்ட வழி, அரசு அச்சிட்ட வரைபடம், ஊர் கட்டிக் காத்த ஓடுபாதை, மெக்கானிக்கின் கையெழுத்து ஆகிய நான்கும் அதைத் தாங்கின. அந்த நான்கும் சரியாக இருக்கும்போதும், விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதற்பொறுப்பு அதை வைத்து இயக்கும் உரிமையாளருடையது என்று அமெரிக்க விமான விதிகள் இன்றும் சொல்கின்றன.